உங்களுக்குத் தெரியுமா? பெரியார் பிறப்பதற்கு முன்பே ஒரு நாத்திகச் சங்கம்!

பெரியார் பிறந்தது 1879 செப்டம்பரில். அதற்கு முந்தைய ஆண்டே, 1878இல், சென்னையில் சுதந்திரச் சிந்தனையாளர்கள் சங்கம் கட்டிவிட்டார்கள். அவர் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே, 1882இல், தமிழில் நாத்திக இதழும் வந்துவிட்டது!

• இதழின் பெயர் ‘தத்துவ விவேசினி’. நடத்தியது அதே சங்கம்தான், சென்னை லௌகிக சங்கம் என்ற பெயரில். 1888 வரை வந்தது. கூடவே ‘தி திங்க்கர்’ என்று ஓர் ஆங்கில இதழ்.

• சங்கத்தாருக்கு முன்னோடி இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லா. அவர் வாதம் எளிது: கடவுள் இல்லை என்று நிரூபிப்பது என் வேலை அல்ல. உண்டு என்பவர் முதலில் கடவுள் என்றால் என்ன என்று சொல்லட்டும், பிறகு சான்று காட்டட்டும். 1880இல் எம்.பி.யாகத் தேர்வானார். கடவுள் பெயரால் உறுதிமொழி எடுப்பது பற்றிய தகராறு தீர்ந்து நாடாளுமன்றத்தில் நிலையாக அமர 1886 ஆயிற்று.

• சங்கத்தின் முக்கியப் புள்ளி அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர். செங்கல்பட்டு மாவட்டத்து மிராசுதாரர்களை எதிர்த்து 1872இல் நூல் எழுதியவர். மதச் சடங்குகளைச் சாடிய ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’யும் இவருடையதே.

• அதே செங்கல்பட்டில்தான், 1929 பிப்ரவரியில், பெரியார் இயக்கத்தின் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. தலைமை: டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சாதிப் பட்டத்தைத் துறக்கவும், பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை தரவும் அங்கே தீர்மானம் நிறைவேறியது.