கோணங்கிக்குப் பாடவேளை இல்லை

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறை பெயர் வாங்கியது ஒப்பாரியில். சே. இராமானுஜம் அங்கே ஆசிரியராக இருந்த நாளில், யூரிப்பிடீஸின் டிராய் நகரத்துப் பெண்களைக் கொண்டுவந்து நம் ஊர்ச் சாவு வீட்டு முற்றத்தில் உட்கார வைத்தார். 'வெறியாட்டம்' என்ற அந்த நாடகத்தில், போரில் புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர்கள் நம் ஒப்பாரி மெட்டில் அழுதார்கள். அதே துறையில் பேராசிரியராக இருந்த மு. இராமசுவாமியோ சோஃபக்ளீஸின் ஆண்டிகனியைத் 'துர்க்கிர அவலம்' ஆக்கியவர். "பல்கலைக்கழக மேடையில் செவ்வியல் நகைச்சுவை, கொஞ்சம் கலகலப்பாக" என்று இந்த வாரத் தலைப்பு கைக்கு வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த இரண்டு அழுகைகள்தான்.

நல்ல நாடகங்கள், சந்தேகமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் நவீன நாடகம் என்றால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியது என்று ஒரு பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. சிரிப்பு சபா நாடகக்காரர்களுக்கு, அழுகை பல்கலைக்கழகத்துக்கு என்று பாகப்பிரிவினை ஆகிவிட்டது. ஆண்டிகனியைத் தமிழுக்குக் கொண்டுவந்த அதே மு. இராமசுவாமி, 2019இல் வந்த 'கே.டி. (எ) கருப்புதுரை' படத்தில் பிரியாணிக்கு ஏங்கும் கிழவராக வந்து தியேட்டரையே சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பு அவருக்குள் எத்தனை வருஷமாக இருந்ததோ!

இந்தப் பாகப்பிரிவினை நம் ஊர் வழக்கமும் இல்லை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். அழுகை அதற்குப் பிறகுதான். நகை எதிலிருந்து பிறக்கும் என்று எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு காரணமும் தருகிறார். வடமொழி நாட்டிய சாஸ்திரத்தில் முதல் நாற்காலி சிருங்காரத்துக்கு. நாடகம் படிக்கும் பிள்ளைகள் இதைப் பரீட்சைக்கு எழுதுகிறார்கள். மேடைக்கு வந்ததும் வரிசை மாறிவிடுகிறது.

மாணவர்கள் பழைய நகைச்சுவை நாடகம் என்று தேடினால் பெரும்பாலும் 'மத்தவிலாசம்' கையில் சிக்கும். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதியது. நடிகர்கள் ஐந்தாறு பேர் போதும், செட் போடச் செலவில்லை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கதை தெரிந்ததுதானே: காஞ்சிபுரத்துக் கள்ளுக்கடையில் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன், போகிற போக்கில் ஒரு பிக்குவைப் பிடித்துத் திருடன் என்கிறான். பிக்குவின் பாத்திரம் கறுப்பு, காணாமல் போனதோ வெள்ளை. உடனே காபாலிகனின் தோழி தேவசோமை, வெள்ளை வெளேரென்று இருந்த நம் கபாலம் இந்தக் கதிக்கு வந்துவிட்டதே என்று புலம்புகிறாள்.

ஒரு நடிகைக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான். தேவசோமை சிரிப்பு மூட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டு புலம்பினால் அரங்கில் ஓர் ஆள் சிரிக்கமாட்டார். நிஜமாகவே எழவு விழுந்த மாதிரி, தலையை விரித்துப் போட்டு, மூக்கைச் சிந்தி, மாரில் அடித்துக்கொண்டு அழவேண்டும். அழ அழத்தான் கூட்டம் உருண்டு சிரிக்கும். அவளுக்குத் தன் கபாலம் விளையாட்டு இல்லை. நமக்குத்தான் விளையாட்டு. வெறியாட்டத்தில் ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்ணால்தான் மத்தவிலாசத்தில் சிரிக்கவைக்க முடியும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் பிரகசனம் என்கிற இந்தக் கேலி நாடகம் போட இந்தப் பல்கலைக்கழகத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை.

ஆனால் காஞ்சிபுரத்துக் கள்ளுக்கடைக்கு எதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டும்? பல்கலைக்கழகத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து அரண்மனையில் இறங்கினால் சரஸ்வதி மகால். மராட்டியர் காலத்து நாடகச் சுவடிகள் அங்கே கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றை எழுதியவர் 1684 முதல் 1712 வரை தஞ்சையை ஆண்ட சகஜி மன்னர். திருவாரூர்த் தியாகேசர் மேல் தெலுங்கில் பல்லக்கு சேவைப் பிரபந்தம் பாடிய அதே பக்தர், 'சதி தான சூரமு' என்று ஒரு குறும்பும் எழுதி வைத்திருக்கிறார். மனைவியைத் தானம் கொடுப்பதில் சூரனைப் பற்றிய கதை. கோயில் திருவிழாவுக்கு வந்த சாஸ்திரம் படித்த பிராமணர், சேரிப் பெண் ஒருத்தியைக் கண்டு கிறங்கிப் போகிறார். கூட வந்த சிஷ்யன், குருவே சொல்லிக்கொடுத்த தர்மங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குருவிடமே சொல்லித் தடுக்கப் பார்க்கிறான். குருவுக்கு ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் பெண்ணின் புருஷனிடமே போய்க் கேட்கிறார்.

டெல்டாக்காரர்களுக்கு இது எங்கே இடிக்கிறது என்று தெரியும். காவிரிப்பூம்பட்டினத்து இயற்பகை நாயனாரிடம் சிவனடியார் வேடத்தில் வந்து மனைவியைக் கேட்டவர் யார் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உள்ளம் உருகக் கேட்கும் அந்தக் கதையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு ராஜா சிரித்திருக்கிறார், அதுவும் தியாகேசர் பக்தரான ராஜா. பழைய பிரகசனங்கள் பெண்ணையும் எளியவர்களையும் பகடைக்காயாக வைத்து ஆடியவை, அவற்றை ஏன் தூசி தட்டவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வெட்டவேண்டியதை வெட்டி, திருப்பிப் போடவேண்டியதைத் திருப்பிப் போடத்தானே டைரக்டர் என்று ஒருவர் இருக்கிறார்.

என் கவலை வேறு. இந்தச் சுவடிகளில் ராகம் இருக்கிறது, தாளம் இருக்கிறது, தரு இருக்கிறது, வசனம் இருக்கிறது. சிரிப்பு எங்கே இருக்கிறது?

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று. வைகாசிப் பெரிய திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆட, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனுக்கு நாளொன்றுக்கு ஒரு தூணி நெல் என்று அது சொல்கிறது. மூன்று தூணி ஒரு கலம், ஆக வருஷத்துக்கு 120 கலம். அவன் வம்சத்துக்கும் அந்த உரிமை உண்டு. கூலிக் கணக்கு கல்லில் அப்படியே நிற்கிறது. நாடகத்தில் ஒரு வரி மிஞ்சவில்லை. அதில் சிரிப்பு இருந்ததா, கோமாளி வந்தானா, எதுவும் தெரியாது. நெல்லை அளந்து எழுதி வைக்கலாம். கோமாளி எந்த இடத்தில் நின்றான், எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் கூட்டத்தைப் பார்த்தான் என்பதை எந்த மரக்காலில் அளப்பது?

அது ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிற சரக்கு. மேலட்டூருக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களைக் குடியேற்றிய ஊர் என்பார்கள். கோடையில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா. வெங்கடராம சாஸ்திரி எழுதிய 'பிரஹ்லாத சரித்திரம்' தெலுங்கில், விடிய விடிய நடக்கும். பெண் வேஷமும் ஆண்கள்தான். விடியும் நேரத்தில் நரசிம்மர் முகமூடி போட்டவரை நாலு பேர் இழுத்துப் பிடிக்கவேண்டியிருக்கும், அவ்வளவு ஆவேசம். ஆனால் அத்தனை பக்திக்கும் முன்னால், விக்னேஸ்வரர் வேஷத்துக்கும் முன்னால், மேடைக்கு முதலில் வருகிறவன் கோணங்கி. உயரக் குல்லாயும் குதியாட்டமுமாக வந்து கூட்டத்தைக் கலைத்துக் கட்டிப்போட்டு, நீங்கள் நாடகம் பார்க்கப் போகிறீர்கள் என்று ஆட்டத்தாலேயே சொல்லிவிட்டுப் போவான்.

கூத்தில் கட்டியக்காரனும் அப்படித்தான். கர்ணன் செத்துக் கிடக்கும்போது நடுவில் புகுந்து, இருக்கிற பஞ்சாயத்துப் பிரச்சினை ஒன்றை இழுத்துவிட்டுப் போவான். முன்வரிசையில் ஊர்ப் பெரியவரோ மிராசுதாரோ உட்கார்ந்திருந்தால் அவருக்கும் ஒரு குத்து விழும். அவரும் சிரித்தாக வேண்டும், வேறு வழியில்லை. இரண்டாம் சரபோஜி காலத்துச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோயிலில் ஆடினார்கள். குறவஞ்சி என்றால் அதிலும் சிங்கன் உண்டு, சிங்கியைத் தேடி அலைவது உண்டு, காலில் என்ன, இடுப்பில் என்ன என்று சந்தேகத்தோடு விசாரிப்பது உண்டு. சாமி, ராஜா, காதல், பசி எல்லாம் ஒரே ராத்திரியில் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்த ஜனங்கள் இவர்கள். அழுகை ஒரு பருவம், சிரிப்பு ஒரு பருவம் என்று பிரித்தது பாடத்திட்டம்தான்.

அந்தப் பாடத்திட்டத்தில் கோணங்கிக்குப் பாடவேளை இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை, இருக்கிற நேரத்தில் எதைத்தான் வைப்பார்கள்? ஆனால் கோணங்கி சொல்லித்தராத இடத்தில் வேறு யாரோ சொல்லித்தருகிறார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு நகைச்சுவை ஆசிரியர் கையிலிருக்கும் போன். ஒத்திகையில் "கவுண்டர் குடுடா", "டைமிங் மிஸ் ஆகுது", "பஞ்ச் விழல" என்று பேசிக்கொள்வது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவுண்டர் என்பது அடுத்தவன் பேசி முடிப்பதற்குள் அடிப்பது. பிரகசனத்தில் வேலையே அடுத்தவன் பேசுவதைக் கேட்பது. போனில் வரும் துணுக்குக்குச் சிரிப்பொலியையும் அவர்களே சேர்த்துவிடுகிறார்கள். அதில் பழகியவன் மேடைக்கு வந்ததும் ஒரு வரி சொல்லிவிட்டுச் சிரிப்பு வருமென்று நிற்கிறான். வராவிட்டால் குரலை உயர்த்துகிறான். ஆயிரத்து நானூறு வருஷத்துக் காபாலிகன் சினிமாக் காமெடியன் குரலில் பேச ஆரம்பிப்பது அப்போதுதான். அதற்குக் கைதட்டல் கிடைக்கும், அதுதான் ஆபத்து. கைதட்டல் அந்தக் குரலுக்கு, நாடகத்துக்கு இல்லை.

ந. முத்துசாமி இதற்கு நேர் எதிர் உதாரணம். மாயவரம் பக்கம் புஞ்சையில் பிறந்தவர், கூத்துப்பட்டறையைத் தொடங்கியவர். அவருடைய 'நாற்காலிக்காரர்' படித்தால் சிரிப்பு எங்கே வருகிறது என்று சொல்லமுடியாது. பேச்சு சுற்றிச் சுற்றி வந்து ஓரிடத்தில் நம்மை அறியாமல் சிரித்துவிடுவோம். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே ஊர் நடப்பை இழுப்பார்களே, அந்த வேகம். காவிரிக்கரைச் சிரிப்புக்கு அவசரம் கிடையாது. முப்பது விநாடி வீடியோவில் பழகிய உடம்புக்கு அந்த நிதானத்தை யார் கற்றுத்தருவது? மேலட்டூர்க் கோணங்கியை ஒரு வாரம் வகுப்புக்கு அழைத்து உட்கார வைத்தால், அது பத்துக் கருத்தரங்குகளுக்குச் சமம் என்பேன். கருத்தரங்குக்குச் சால்வை வாங்கும் பணத்திலேயே முடிந்துவிடும்.

ஒரு தலைப்புக்கு ஒரு சிபாரிசாவது வைக்கவேண்டும் என்றால் என் சிபாரிசு மத்தவிலாசம் இல்லை, சகஜியின் 'பஞ்சபாஷா விலாசம்'. கிருஷ்ணனைக் காதலிக்கும் நான்கு தேசத்து இளவரசிகள், தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி என்று ஆளுக்கொரு பாஷை. ஐந்தாவதாக சம்ஸ்கிருதம். ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாமல் நால்வரும் ஒரே ஆளுக்காக மேடையில் நிற்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் இதற்குச் சிரிக்கக் காது இருந்தது. கடைத்தெருவில் ஒரு பாஷை, கச்சேரியில் ஒன்று, அரண்மனையில் ஒன்று, பாட்டில் ஒன்று என்று புழங்கிய ஊர். இன்றைக்கு யார் சிரிப்பார்கள், திரை கட்டி மொழிபெயர்ப்பு ஓட்டவேண்டுமே, என்பார்கள். திரை கட்டினால் நாடகம் முடிந்தது. ஜோக்கைப் படித்துவிட்டுத் தலை நிமிர்வதற்குள் நடிகன் அடுத்த வரிக்குப் போயிருப்பான்.

ஆனால் நிஜமாகவே காது இல்லையா? வல்லம் பக்கத்துப் பொறியியல் விடுதிகளில் ஆந்திராவிலிருந்து வந்த பிள்ளைகள் ஏராளம். தஞ்சாவூர் மேலவீதிப் பக்கம் வீட்டில் மராத்தி பேசுகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. கும்பகோணத்தில் பாடசாலைப் பையன்களுக்கு சம்ஸ்கிருதம் உண்டு. இந்தி? சில வருஷங்களாகத் தஞ்சை, திருவாரூர் வயல்களில் நடவுக்கு பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வரப்பில் நின்று கேட்டால் நாற்றுக்கட்டோடு வேறு பாஷைப் பாட்டும் வருகிறது. சகஜிக்குக் கிடைத்த கூட்டம் வேறு பாதையில் திரும்பி வந்திருக்கிறது. தமிழ் இளவரசிக்கு மட்டும்தான் நடிகை தேடவேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது, மற்ற மூவருக்கும் வரிசையில் நிற்பார்கள்.

தேதிதான் பிரச்சினை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்போது பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறை முடிந்திருக்காது. தை அறுவடைக்குப் பிறகு வைத்தால் வெளியூர் ஆட்கள் ரயிலேறிவிடுவார்கள். புரட்டாசியில் வைக்கலாம். சம்பா நடவுக்கு வந்தவர்கள் ஊரில் இருப்பார்கள், விடுதிகளும் நிரம்பியிருக்கும். சாயங்கால மழை உண்டுதான், அதனால் திறந்தவெளி வேண்டாம். கரிகாற்சோழன் கலையரங்கத்துக்குக் கூரை இருக்கிறது.