தகட்டுத் துண்டுக்கு ஓர் இடம்

கார் கதவுக்கான தகட்டைப் பிரஸ் அழுத்தி வெட்டும்போது, கண்ணாடி வரவேண்டிய இடத்துத் துண்டு தனியே விழுகிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் தயாராகின்றன. அங்கு விழும் இத்தகைய துண்டுகள் ஸ்க்ராப் ஆகி உலைக்குப் போகும். உலகில் உருக்கப்படும் எஃகில் ஏறத்தாழக் கால் பங்கு எந்தப் பொருளிலும் சேராமலே கழிவாகிறது என்று ஆல்வுட், கல்லன் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். உலையில் இரும்பு மீள்கிறது. அதன் வடிவம் அழிந்துவிடுகிறது.

அந்த வடிவத்தைக் காப்பாற்றிச் சிற்பமாக்க முடியுமா? யானை ஒன்றைச் செய்வோம். எந்தத் துண்டு காதுக்கு, எது துதிக்கைக்கு? 10 வெவ்வேறு துண்டுகளை 10 இடங்களில் பொருத்த 36,28,800 வழிகள் உண்டு. 20 துண்டுகள் என்றால் அது 19 இலக்க எண்!

இதற்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. கட்டங்கள் போட்டு, நிரைக்கு ஒரு துண்டு, நிரலுக்கு ஓர் இடம் என்று எழுதுங்கள். எந்தத் துண்டு எந்த இடத்தில் எவ்வளவு பொருந்தவில்லை என்பதைக் கட்டத்தில் எண்ணாகக் குறியுங்கள். ஒவ்வொரு நிரையிலும் மிகச்சிறிய எண்ணை அந்த நிரை முழுவதிலிருந்தும் கழியுங்கள்; நிரல்களிலும் அப்படியே. ஒவ்வொரு துண்டும் ஒவ்வோர் இடமும் ஒருமுறைதான் பயன்படும் என்பதால், எல்லா வழிகளின் கூட்டுத்தொகையும் ஒரே அளவு குறையும். கூட்டுத்தொகை மிகக் குறைந்த வழியே சிறந்த வழி; அது மாறாது. நிரைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என்று பூஜ்யங்களைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், அந்தப் பூஜ்யங்களே விடை. முடியாவிட்டால், நிரைகளிலும் நிரல்களிலும் மேலும் கழித்தும் கூட்டியும் அது முடியும்வரை திருத்த வேண்டும். ஹங்கேரியக் கணிதர்கள் கோனிக், எகர்வாரி இருவரின் சிந்தனையை வைத்து ஹரால்டு கூன் 1955இல் வெளியிட்ட 'ஹங்கேரிய முறை' இது. 20 துண்டுகளுக்குக் கணினி இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிக்கும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கெய்ட்லின் முல்லரின் குழு, வெட்டி வீழ்த்திய நகர மரங்களின் கவைகளை ஸ்கேன் செய்து, கட்டமைப்பின் மூட்டுகளுக்கு இம்முறையால் பொருத்தியது. கவைகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. பிரஸ் துண்டுகளோ ஒரே டையில் (வெட்டு அச்சில்) ஒரே வடிவில் ஆயிரக்கணக்கில் விழுபவை. அவற்றின் அளவு டை வரைபடத்திலேயே இருக்கிறது. ஸ்கேன் செய்யும் வேலைகூட இல்லை.

ஆனால் கட்டத்தில் எந்த எண்ணை எழுதுவது? விளிம்பின் இடைவெளியையா, வளைவையா, துருவின் நிறத்தையா? அதைச் சிற்பிதான் தீர்மானிக்க வேண்டும். உலோகத் தகட்டை அடித்தே உருவங்கள் படைத்த பி.வி. ஜானகிராம் இதே சென்னையின் சிற்பி. 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமும் இங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலைகள் தங்கள் ஸ்க்ராப்பின் வரைபடங்களைக் கலைக்கல்லூரிகளுக்குத் தரட்டும். சிற்பத்தில் கற்கும் இந்தக் கணக்கு, நாளை பேருந்து நிழற்குடைக்கும் கூரைக்கும் பயன்படும்.