முன்னூல் ஆராயும் முறை

ஒரு பொருளை ஆராயப் புகுவோர்க்கு, அதுபற்றி முன்னர் எழுந்த நூல்களை ஆராய்ந்துரைத்தல் முதற்கடனாகும். மாணவருட் பலர் இதனை நூற்பெயர்களை நிரல்பட அடுக்கும் செயலெனக் கருதுகின்றனர். அஃதன்று. ஒவ்வொரு நூலும் யாது கூறிற்று, அதனை எங்கிருந்து பெற்றது, எதனைக் கூறாது விட்டது என்னும் மூன்றனையும் வினாவுதலே ஈண்டு வேண்டப்படுவது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலைவாழ்நர் என்பதே அப்பெயரின் பொருள். அவர்தம் தாய்மொழி தமிழே. பெயரொன்றையே நோக்கிக் கேரள மக்களைப்பற்றிய நூல்களைத் திரட்டுவோன் தொடக்கத்திலேயே வழி தப்புவான்.

இடப்பெயரும் அவ்வாறே மயக்கும். இப்பகுதி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. மலையின் ஒரு பகுதி சேலத்தைச் சார்ந்தது. ஆகலின், பழைய நூல்களைப் பழைய பெயர்களாலேயே தேடல் வேண்டும்.

இனி, சான்றுகளை எண்ணும் முறையைக் காண்போம். இம்மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று போந்தனர் என்பது செவிவழிச் செய்தி. தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளுள் நான்காவதில் இதனைக் காணலாம். ஆயின், அவர் 1883-இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேட்டையும், 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு கெஜட்டியரையும் தம் நூலில் எடுத்தாள்கின்றார். மூன்று நூல்களையும் கற்ற மாணவன், ஒன்றையொன்று சாராத சான்றுகள் மூன்று உள என எழுதுவானாயின், ஒரு குரலின் எதிரொலியை வேறொருவர் குரலென மயங்கியோன் ஆவான்.

இம்மயக்கத்தை நீக்கும் கருவி நம் மொழியிலேயே உளது. நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்துக் காட்டினார் நன்னூலார். கையில் எடுத்த நூலின் ஒவ்வொரு செய்தியையும் நோக்கி, இவற்றுள் இஃது எதன்பாற்படும் என வினாவுதல் நலம்.

அன்றியும், மேற்கூறிய நூல்கள் ஆங்கில ஆட்சியில் அலுவலர்களாயிருந்தோரால் எழுதப்பெற்றவை. மலைமக்கள் தம்மைப்பற்றித் தாமே எழுதியவை அல்ல. அவ்விடைவெளியைக் கண்டு கூறுதலே முன்னூல் ஆராய்ச்சியின் முடிந்த பயனாம்; புதிய ஆராய்ச்சி தொடங்கவேண்டிய இடமும் அதுவே. ஆராயாது படியெடுப்போமாயின், ஒரு குடியின் வரலாறு பிறர் கூறிய அளவிலேயே நின்றுவிடும். ஆதலின், நூல்களை எண்ணாது, அவற்றின் ஊற்றினை நாடுவோமாக.