சுரத்தை நீட்டும் கால்புள்ளி

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியில் பாட்டு கற்கும் பிள்ளைகளின் நோட்டை எட்டிப் பாருங்கள். 'ஸ'வுக்குப் பக்கத்தில் ஒரு கால்புள்ளி இருக்கும். அதுதான் கார்வை, சுரத்தை விடாமல் இன்னும் ஓர் அட்சர நேரம் நீட்ட வேண்டும். அரைப்புள்ளி இட்டிருந்தால் இரண்டு அட்சரம். கணீரென்று நின்று ஒலிக்கும் குரலையும் 'கார்வையான குரல்' என்றுதானே சொல்கிறோம்!

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, அடியில் வைத்தால் கீழ் ஸ்தாயி. இதெல்லாம் எளிது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை எழுதுவதுதான் பெரும்பாடு. திருவாரூரில் பிறந்த சுப்பராம தீட்சிதர் அதற்கும் தனித்தனிக் குறிகள் வகுத்தார். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான அவரது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அசாத்திய உழைப்பு. ஆனாலும் தோடி ராகத்தின் காந்தார சுரம் எவ்வளவு அசைய வேண்டும் என்பதைக் குருவின் எதிரே உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும்.