பதிவு எண் எங்கே?

சித்தூரில் பல வீடுகளில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. இரண்டு வயதாகியும் பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். திருப்பதியில் தேவஸ்தானமே செவித்திறன் குறைந்தோருக்குப் பள்ளி நடத்துகிறது. ஆனால் பள்ளி வயது வரை காத்திருந்தால் பேச்சு வளரும் பருவம் கைநழுவிவிடும். சரி, பரிசோதிப்பவர் யார்?

அமெரிக்காவில் செவித்திறன், பேச்சுப் பயிற்சி நிபுணர்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம். இங்கே நாடு முழுவதற்கும் ஒன்றுதான்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேடு. அதில் பெயர் இருந்தால் திருப்பதியிலும் தொழில் செய்யலாம், எல்லை தாண்டி வேலூரிலும் செய்யலாம். இல்லாதவர் எங்குமே செய்யக்கூடாது என்கிறது 1992ஆம் ஆண்டுச் சட்டம். மீறுவோருக்கு அது விதித்த தண்டனை, ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பல காதுகேள் கருவிகளின் விலையே இந்த அபராதத்தைவிட அதிகம்!

தவறாகப் பொருத்திய கருவியில் ஒலி குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் மிச்சமிருக்கும் செவித்திறனும் கெடலாம். ஆகவே பெற்றோர் தயங்காமல் பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். கூடவே, பதிவேடு சொல்லாத ஒன்றையும்: குழந்தையின் வீட்டு மொழி அவருக்குத் தெரியுமா?