கேமராவுக்குள் பஞ்சு

இந்த மலருக்கான குரூப் போட்டோவை ஸ்டூடியோவுக்குப் போகாமல் நாமே எடுத்துவிடலாம் என்று பேரவைக் கூட்டத்தில் வாயை விட்டவன் நான்தான். "உன்கிட்டத்தான் கேமரா இருக்குதே, நீயே எடு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, ஒத்திகை பார்ப்போம் என்று எங்கள் ஊர் அமராவதி நகரில் அணைக்கட்டின் மேல் ஏறி நாலைந்து படம் எடுத்தேன். ஆனைமலை அடிவாரம், கீழே தேங்கிய தண்ணீர், மேலே மேகமே இல்லாத வானம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வானத்தின் வலது மேல் மூலையில் கறுப்பாக ஒரு புழு! "பருந்தா இருக்கும்ணா" என்றான் தம்பி. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற பருந்தை நான் பார்த்ததில்லை.

அந்தக் கேமரா புதிது அல்ல. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்க்கும் என் அக்கா வாங்கித் தந்தது. வெளிநாட்டு பையருக்கு அனுப்புவதற்காக டி-சர்ட், பைஜாமா சாம்பிள்களை அதில்தான் படம் எடுப்பார்களாம். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த கேமராவைக் கேட்டு வாங்கி வந்தார். பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு நம் வயதுப் பிள்ளைகளிடையே இப்போது திரும்பவும் ஒரு மவுசு வந்திருப்பதால் நானும் பெருமையாகத்தான் திரிந்தேன். அது வரும்போதே நாலு வருஷப் பஞ்சையும் உள்ளே சுமந்துகொண்டு வந்தது அப்போது தெரியாது.

பஞ்சு எப்படி உள்ளே போனது? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். காம்பாக்ட் கேமராவை ஆன் செய்ததும் லென்ஸ் குழல் முன்னால் நீளுகிறது. குழலின் விட்டம் 4 செ.மீ., நீளுவது 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் உள்ளே கூடும் இடம் சுமார் 38 கன செ.மீ. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து காற்று வந்தே ஆக வேண்டும். குழலும் குழலும் உரசாமல் நகர வேண்டுமே என்று விட்டிருக்கும் மெல்லிய இடைவெளி வழியாகத்தான் வருகிறது. ஆஃப் செய்யும்போது காற்று வெளியே போய்விடும், பஞ்சு போகாது. கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஒவ்வொரு ஜூமுக்கும் ஒரு மூச்சு. ஓவர்லாக் மிஷின் துணி ஓரத்தை வெட்டித் தள்ளும் அறையில், தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை மூச்சு விட்ட கேமராவுக்குள் என்ன இருக்கும்?

இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. அதே காற்றைத்தான் அங்கே வேலை செய்கிற மனுஷர்களும் இழுக்கிறார்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நெஞ்சு இறுக்கும் என்பதால் அதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே சொல்வார்கள். நூல் மில்லில் புளோ ரூம், கார்டிங் பகுதிகளில்தான் இது அதிகம். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், தகவல் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் அட்டவணையில் இதுவும் இடம்பெற்றிருந்தது. கேமராவைக் கழற்றிய பிறகு அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த முதல் பொருள் மாஸ்க். "வேர்க்குதுடா, போட முடியல" என்கிறார். நானும் விடுவதாக இல்லை.

விஷயத்துக்கு வருவோம். நாம் சென்சாரில் தூசி என்று சொன்னாலும் சிலிக்கானின் மேல் தூசி உட்காருவதில்லை. அதன் முன்னால் மூடு கண்ணாடி ஒன்றும், அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் நீலப்பச்சைக் கண்ணாடி ஒன்றும் இருக்கும். அவற்றின் மேல்தான் பஞ்சு விழுகிறது. நாம் பார்க்கிற புழு அந்தப் பஞ்சின் நிழல். சாதாரணக் காம்பாக்ட் கேமராவின் சென்சார் அகலம் 6.2 மி.மீ. அளவுதான், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. 12 மெகா பிக்சல் என்றால் அந்த அகலத்துக்குள் 4000 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் சுமார் 1.5 மைக்ரான். பஞ்சு இழையின் தடிமன் ஏறக்குறைய 15 மைக்ரான். ஒரே இழை பத்து பிக்சலை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது!

அப்படியானால் ஜூம் செய்யாத படங்களில் ஏன் அது கண்ணுக்குப் படவில்லை? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை நம் முதலாண்டு ஃபிசிக்ஸில் இருக்கிறது. கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் இடையே அரை மி.மீ. தூரம் என்று கொள்வோம். அந்தத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் நிழல் எவ்வளவு கலைகிறது என்பது கிடைக்கும். ஜூம் செய்யாதபோது எஃப் 2.8. நிழல் சுமார் 180 மைக்ரான் அகலத்துக்குக் கலைந்து, வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. முழு ஜூமில் எஃப் 5.9. கலைவது 85 மைக்ரானாகச் சுருங்கி, ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடுகிறது. அதனால்தான் சாம்பிள் துணியைப் பக்கத்தில் வைத்து எடுத்தவர்கள் யாருக்கும் புழு தெரியவில்லை. ஜூம் போட்டு வானத்தை எடுத்த எனக்குத் தெரிந்தது.

உங்கள் கேமராவைச் சோதிக்க வேண்டுமா? வெள்ளைச் சுவர் போதும். முழு ஜூம் வைத்து, கேமராவை லேசாக நகர்த்தி நகர்த்தி மூன்று படம் எடுங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் மங்கலான கறுப்பு இருந்தால் உள்ளே தூசி. ஊசி முனை மாதிரி கூர்மையாகச் சிவப்போ வெள்ளையோ மின்னினால் அது கெட்டுப்போன பிக்சல். அதைத் துடைத்துப் பயனில்லை. லென்ஸின் வெளிக் கண்ணாடியில் உள்ள தூசி இப்படிப் புள்ளியாகவே விழாது, படம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும், அவ்வளவுதான்.

லென்ஸைக் கழற்றி மாட்டுகிற எஸ்.எல்.ஆர். கேமராவில் இது அன்றாடத் தொல்லை. 2003-ல் வந்த ஒலிம்பஸ் இ-1 கேமராவிலேயே மீயொலி அதிர்வால் தூசியை உதறிவிடும் கண்ணாடி இருந்தது. ஆனாலும் 2012-ல் வந்த நிக்கான் டி600-ல் சென்சாரில் புள்ளி புள்ளியாக விழுகிறது என்று உலகம் பூராவும் புகார் கிளம்பி, கம்பெனி 2014-ல் இலவசமாக ஷட்டரை மாற்றித் தர வேண்டியதாயிற்று. அந்தக் கேமராக்களில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரைத் துடைக்க வழி உண்டு. காம்பாக்டில் அப்படி ஒரு கதவே கிடையாது. பெரும்பாலான காம்பாக்டுகளில் உதறும் வசதியும் கிடையாது.

உடுமலையில் ஒரு கடையில் காட்டினேன். "இதுக்கு ஆகற கூலியில இன்னொரு பழைய கேமராவே வாங்கிக்கலாம் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து நேராக நான் செய்த காரியத்தை நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள். திருப்பூரில் தையல் மிஷினில் ஒட்டிய பஞ்சை கம்ப்ரஸர் ஏர் கன்னால் ஊதித் தள்ளுவார்கள். பார்க்க ஆசையாக இருக்கும், ஒரு சீறலில் மிஷின் பளிச்சென்று ஆகிவிடும். நானும் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் லென்ஸ் இடுக்கில் வைத்து ஒரு சீறல் விட்டேன். கம்ப்ரஸர் காற்றில் ஆறு பார் அழுத்தத்தோடு கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் கலந்தே வரும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு புழு மூன்று புழுவாகியிருந்தது, கூடவே ஒரு எண்ணெய்ப் படலம்! குரூப் போட்டோவுக்குப் பத்து நாள் இருந்தது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

முறையாகச் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நண்பன் வீட்டில் கார் துடைக்க வைத்திருந்த சின்ன வாக்குவம் கிளீனரை இரவல் வாங்கினேன். தண்ணீர் பாட்டிலின் மேல் பாதியை வெட்டி, குழாய் முனையில் டேப்பால் ஒட்டி, அகன்ற பக்கம் லென்ஸைச் சுற்றி நிற்கும்படி பிடித்தேன். இறுக்கி மூடக் கூடாது, ஓரத்தில் காற்றுக்கு வழி வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் முகப்பில் உள்ள மெல்லிய தகடுகள் பிய்ந்து வரும். கேமராவை ஆன் செய்து, வாக்குவம் ஓடும்போதே ஜூமைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் ஓட்டினேன். அரை நிமிஷ வேலை. புதிதாகப் போன இரண்டு பஞ்சும் வந்துவிட்டன! பலருக்குக் காரியம் இதோடு முடிந்துவிடும். கேமராவைத் திறக்கவே வேண்டாம். என் எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிக்கொண்ட பழைய புழுவும்தான் நகர மறுத்தன.

இனி திறப்பதைத் தவிர வழியில்லை. திறப்பதற்கு முன் உயிர் விஷயம் ஒன்று. ஃபிளாஷுக்கு மின்சாரம் தரும் கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட் வரை ஏறியிருக்கும். பேட்டரியைக் கழற்றி நாள் கணக்கில் ஆனாலும் அதில் சார்ஜ் மிச்சமிருக்கலாம். 100 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 4.5 ஜூல். தொட்டால் கை தூக்கி எறியும், அந்த உதறலில் கேமராவும் சேர்ந்து பறக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்கிறேன் பேர்வழி என்று இறங்காதீர்கள். பொறி தெறித்துப் பக்கத்தில் இருக்கும் பட்டை ஒயரைக் கருக்கிவிடும். 2000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் இன்சுலேஷன் போட்ட ஒயரைச் சால்டர் செய்து, அதன் வழியாக இறக்குங்கள். கால மாறிலி 0.2 விநாடி. அதைப் போல ஐந்து மடங்கு, அதாவது ஒரே விநாடியில் கிட்டத்தட்ட காலியாகிவிடும். நான் பயத்தில் பத்து விநாடி வைத்திருந்தேன். பிறகு மல்டிமீட்டரில் பார்த்து, இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அடுத்த ஸ்க்ரூவில் கை வைத்தேன். இ.இ.இ. படிக்காத நண்பர்கள் பக்கத்தில் ஒரு இ.இ.இ.காரனை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் எங்கே? குளியலறைதான்! தரையையும் சுவரையும் நனைத்துவிட்டு, கதவைச் சாத்தி, அரை மணி நேரம் கழித்து உள்ளே போனேன். நூல் மில்லில் காற்றை ஈரமாகவே வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழை அறுபடாமல் இருக்க அது முக்கியம், பஞ்சு பறப்பதும் குறையும். இங்கே நமக்கு வேண்டியது இரண்டாவது பலன். ஃபேன் கூடாது, பனியன் கூடாது. ஆமாம், பனியனும்தான்! சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் உடம்போடு ஸ்டூலில் உட்கார்ந்ததைப் பார்த்த அம்மா, "கேமராவுக்கு என்ன பூசையாடா?" என்றார்.

கழற்றும் ஸ்க்ரூக்கள் ஒரே மாதிரி தெரியும், நீளம் வேறு வேறு. நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் முனை உள்ளே இருக்கும் போர்டைக் குத்தும். தாளில் கேமராவின் படத்தை வரைந்து, இரு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் ஒட்டி வையுங்கள். பட்டை ஒயர்களை இழுக்காமல், முதலில் கனெக்டரின் சின்ன இமையை நகத்தால் தூக்குங்கள்.

லென்ஸ் பாகத்தின் முதுகில் சென்சார் தகடு மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். மொத்த வேலையிலும் சிக்கலான இடம் இதுதான். தகட்டுக்கு அடியில் ஸ்பிரிங் தெரிந்தால், அந்த மூன்று ஸ்க்ரூவும் சென்சாரின் சாய்வை ஃபாக்டரியில் சரிசெய்து வைத்தவை என்று அர்த்தம். ஒன்றைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் படத்தில் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறு பக்கம் கலங்கலாகவும் விழும். புழுவே தேவலை என்று ஆகிவிடும். ஸ்பிரிங்கைப் பார்த்தால் மூடிவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். என்னுடையதில் ஸ்பிரிங் இல்லை. ஆனாலும் ஸ்க்ரூ தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்து மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டுதான் திருப்பினேன்.

தகட்டைத் தூக்கியதும் ரப்பர் சட்டத்துக்குள் நீலப்பச்சைக் கண்ணாடி. டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தபோது கீழே வலது மூலையில் வளைந்து கிடந்தான் நம்ம ஆள். படத்தில் வலது மேலே தெரிந்தது இங்கே வலது கீழே. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகவும் இடவலமாகவும் மாற்றுகிறது. நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதால் இடவலம் திரும்பவும் சரியாகிவிடுகிறது, மேல் கீழ் மட்டும் மாறியே இருக்கிறது. சென்சாரை நேருக்கு நேர் பார்க்கும் யாரும் இந்தக் கணக்கை நம்பித் தேடலாம்.

நம் ஊரில் எதைத் துடைக்க வேண்டுமானாலும் கை தானாகப் போவது பனியன் வேஸ்டுக்கு. எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் அதற்கு இணை கிடையாது, இங்கே மட்டும் அதுதான் எமன். உள்ளே கிடப்பதே அந்தத் துணியின் பிசிறுதானே! காது குடையும் பஞ்சுக் குச்சியும் அதே சாதி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். முதலில் கண்ணாடியைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் பல்ப் ஊதுகுழலால் மூன்று தடவை ஊதினேன். எண்ணெயில் ஒட்டியவன் அசையவில்லை. பிளாஸ்டிக் குச்சியைக் கண்ணாடியின் அகலத்துக்கு வெட்டி, லென்ஸ் துடைக்கும் தாளைச் சுற்றி, ஐசோ புரோப்பைல் ஆல்கஹால் இரண்டே சொட்டு விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. அதே தாளால் திரும்பத் தேய்க்கக் கூடாது, ஒட்டி வந்த துகள் கண்ணாடியைக் கீறும். புதுத் தாளில் இரண்டாவது இழுப்பு. போர்டு துடைக்க லேபில் வைத்திருப்பதும் இந்த ஆல்கஹால்தான். 99 சதவீதம் உள்ளதாகப் பாருங்கள், தண்ணீர் கலந்தது கறை விடும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், கிட்டேயே கொண்டு போக வேண்டாம்.

சுத்தமான கண்ணாடியைப் பார்த்து ரசித்துக்கொண்டு உட்காராமல் உடனே மூடினேன். எல்லா ஸ்க்ரூவையும் போடும் முன் பேட்டரியைப் பொருத்தி ஒரு முறை ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கெப்பாசிட்டர் மறுபடி ஏறிவிடும், விரல் ஜாக்கிரதை. முடிவில் ஒரு ஸ்க்ரூ மிச்சம்! தாளில் பார்த்தால் அது பேட்டரி மூடிப் பக்கத்தது. திரும்பவும் பின்மூடியைக் கழற்றி, ரெசிஸ்டரை எடுத்து, எல்லாம் முதலிலிருந்து.

சுவரைப் படம் எடுத்தேன். புழு இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை, நாலு மூலையும் கூர்மை. இடது ஓரத்தில் மட்டும் கடுகளவு ஒரு புள்ளி, மூடும்போது புகுந்தது போலிருக்கிறது. அதற்காக இன்னொரு தடவை திறக்கத் தைரியம் வரவில்லை. இந்த மலரின் குரூப் போட்டோ அந்தக் கேமராவில் எடுத்ததுதான். இடது ஓரத்தில் வேப்ப மரக் கிளை வருகிற மாதிரி எல்லாரையும் இரண்டு அடி தள்ளி நிற்கச் சொன்னேனே, "எதுக்குடா?" என்று கேட்டீர்களே, அந்தப் புள்ளி இப்போது இலைகளுக்கு நடுவே இருக்கிறது.