ஜிப்சியின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றலாமா? 36,000 ரூபாய் 'மிச்சத்தின்' உண்மைக் கணக்கு

குன்னூர், கோத்தகிரி பக்கம் சொந்த வீடு. கோயம்புத்தூரில் வேலை. வார இறுதியில் எஸ்டேட் ரோட்டில் ஓட்ட ஒரு பழைய மாருதி ஜிப்சி. இப்படி இருக்கும் நண்பர்கள் கேட்கும் ஒரு கேள்வி: "மலை ஏறும்போது வண்டி இழுக்கல. கன்வெர்ட்டர் அடைச்சிருக்கும், கழட்டிட்டு நேர் பைப் போட்டுடலாம்னு மெக்கானிக் அண்ணன் சொல்றார். புதுசு வாங்கினா பத்து மடங்கு செலவு. என்ன பண்ணலாம்?"

கேள்வி வண்டியைப் பற்றியது மாதிரி தெரியும். உள்ளே இருப்பது பணக் கணக்குதான். போட்டுப் பார்த்துடுவோம்.

முதலில், இழுக்காததற்கு யார் காரணம்?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் சக்தி குறையும். கீழே 80 குதிரைசக்தி தரும் ஜிப்சி, ஊட்டியில் 60 முதல் 65 வரைதான் தரும். இது இயற்கை பிடித்துக்கொள்ளும் டி.டி.எஸ். ரீஃபண்ட் கிடையாது! கன்வெர்ட்டரைக் கழற்றினாலும் அந்த 15 குதிரை திரும்பி வராது.

செங்குத்தான எஸ்டேட் மண் ரோட்டில் இழுவை வேண்டுமா? ஜிப்சியிலும் ஜிம்னியிலும் '4 லோ' கியர் அதற்காகவே இருக்கிறது. செலவே இல்லை. காய்ந்த தார் ரோட்டில் மட்டும் அதைப் போடாதீங்க.

கன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

தேன்கூடு மாதிரி துளைகள் உள்ள பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சூடேறியபின் எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் 90 சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலிலேயே இது கட்டாயமானது.

இது அடைத்துக்கொள்ளும் என்பது பொய்யில்லை. எஞ்சின் ஆயில் குடித்தால், ஸ்பார்க் பிளக் சரியாக எரிக்காவிட்டால் கெட்டுப்போகும். சூடாக இருக்கும்போது ஓடைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே விரிசல் விடலாம். ஆனால் அடைத்திருக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டாம். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் ஏர் ஃபில்டர், பிளக், கிளட்ச் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்க.

சரி, நிஜமாகவே போய்விட்டது. இப்போ கணக்கு.

எடுத்துக்காட்டுக்கு, நேர் பைப் வேலை 4,000 ரூபாய், புது கன்வெர்ட்டர் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கொட்டேஷனை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்க.

வழி 1: இன்றே 40,000 கட்டி மாற்றுகிறீர்கள். முடிந்தது.

வழி 2: இன்று 4,000. மிச்சம் 36,000-ஐ 7 சதவீத எஃப்.டி.யில் போடுகிறீர்கள். மூன்று வருஷத்தில் அது சுமார் 44,100. அப்போது ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஜிப்சி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டதால், பல வண்டிகள் 15 வருஷத்தைத் தாண்டிவிட்டன, மற்றவை நெருங்குகின்றன. ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு வண்டி விதிப்படி இருக்க வேண்டும். ஆக, அன்றைக்கு கன்வெர்ட்டர் வாங்க 40,000. கையில் மிஞ்சுவது 4,100 ரூபாய்.

அதாவது நீங்கள் மிச்சம் பிடித்தது 36,000 இல்லை. செலவைத் தள்ளிப் போட்டதற்கான வட்டியில் பைப் செலவு போக மீதி 4,100 ரூபாய், அவ்வளவுதான். அதுவும் விலை ஏறவே ஏறாது என்று வைத்தால். வட்டிக்கு வரி வேறு.

இந்த 4,100-க்காக எடுக்கும் ரிஸ்க் என்ன?

மோட்டார் வாகனச் சட்டம், 2019 திருத்தத்துக்குப் பின்: அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் பிரிவு 182ஏ(4)-இன் கீழ் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காற்று மாசு விதியை மீறினால் பிரிவு 190(2): 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஒரே ஒரு தடவை மாட்டினாலே 4,100 காலி. மேலே கையிலிருந்து போட வேண்டும்.

பி.யூ.சி.யும் இருக்கிறது. பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம். கன்வெர்ட்டர் இல்லாமல் அதற்குள் வருவது கஷ்டம். "டெஸ்ட் இல்லாமலே சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அது பொய் ஆவணம். அந்தப் பக்கமே போகாதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் என்றால், க்ளெய்ம் நேரத்தில் அவர்களுக்கு நீங்களே ஒரு கேள்வியை எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்று பெயர். பேலன்ஸ் ஷீட்டில் எண்ணாக உட்காராது, கீழே குறிப்பில் ஒளிந்திருக்கும். வந்தால்தான் வலிக்கும்.

'எஸ்டேட்டுக்குள்ள மட்டும்தான் ஓடுது' என்றால்?

கேட்டைத் தாண்டி குன்னூர் மார்க்கெட்டுக்கு ஒரு தடவை இறங்கினாலும் பொது ரோடுதான். ஆரம்பத்திலிருந்தே கன்வெர்ட்டர் இல்லாமல் வந்த பழைய ஜீப் வேறு விஷயம். அதற்கு அது தயாரான காலத்து விதிதான்.

பழைய பீஸ் யாருக்கு?

"கழற்றுவது இலவசம், பழசை நாங்களே எடுத்துக்கிறோம்" என்று சொன்னால் உஷார். 2021-இல் ரோடியம் ஒரு அவுன்ஸ் சுமார் 29,000 டாலரைத் தொட்டது. அப்போது தங்கம் 2,000-க்கும் கீழே. பிறகு ரோடியம் நிறைய இறங்கிவிட்டது, ஆனாலும் அந்தப் பழைய கட்டி குப்பை இல்லை. புதுசு மாட்டும்போது பழசுக்கு விலை கேளுங்க.

கடைசியாக, ரூபாயில் வராத ஒன்று.

ஜனவரிக் குளிரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு உட்காருவது மலையில் சகஜம். நேர் பைப்பின் வெல்டிங் கசிந்தால், வடிகட்டாத கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். பின் சீட்டில் அம்மாவோ குழந்தையோ இருந்தால், 4,100 ரூபாயை எந்த வரிசையில் எழுதுவீர்கள்?

செய்ய வேண்டியது: முதலில் 4 லோ பழகுங்க. அப்புறம் பிளக், ஃபில்டர், பிரஷர் டெஸ்ட். கன்வெர்ட்டர் போனது உறுதியானால், அதைக் கெடுத்த ஆயில் அல்லது பிளக் கோளாறை முதலில் சரிசெய்யுங்க; இல்லாவிட்டால் புதுசும் போகும். ஒரேயடியாக 40,000 கையில் இல்லையா? மாதம் 5,000 வீதம் எட்டு மாதம் ஒரு ஆர்.டி. போடுங்க. அதுவரை ஜிப்சி ஷெட்டில் நிற்கட்டும், மலை எங்கும் போகாது.